ஃபில்டர் பட்டனுக்குப் பின்னால் ஒரு கணக்கு வாத்தியார்: எஸ்.ஆர்.ரங்கநாதனும் டீன் ஏஜ் வாசகர்களும்

ஆன்லைனில் ஷூ வாங்கப் போகிறீர்கள். சைஸ் 8, கறுப்பு நிறம், ஓடுவதற்கு ஏற்றது, 2,000 ரூபாய்க்குள். நான்கு இடத்தில் டிக் அடித்ததும் ஆயிரக்கணக்கான ஜோடிகள் இருபது முப்பதாகச் சுருங்கிவிடும். தினமும் செய்வதால் இதில் ஒரு யோசனை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. ஒரு பொருளை ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடாமல், அதன் பல முகங்களைத் தனித்தனியாகக் குறித்துவைத்துக்கொண்டு, தேவைப்படும்போது சேர்த்துப் பார்ப்பது. அவ்வளவுதான். இந்த யோசனையை ஒரு முழு முறையாக வளர்த்தெடுத்தவர் கம்ப்யூட்டர்காரர் அல்ல. மெட்ராஸில் வேலை பார்த்த ஒரு நூலகர். அதற்கு முன்னால் கணக்கு வாத்தியார். ஊர் சீர்காழி.

சீர்காழி ராமாமிருதம் ரங்கநாதன், சுருக்கமாக எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருப்போம். படித்ததோடு சரி. ஆனால் ஒரு பொது நூலகம் இன்றைக்கு 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு வெப்சைட் போட வேண்டும், அவர்களுக்குப் புத்தகம் பரிந்துரைக்க வேண்டும் என்று உட்கார்ந்தால், டிசைனரையும் டெவலப்பரையும் கூப்பிடுவதற்கு முன் இவருடைய வாழ்க்கையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. அவர்கள் கேட்கப்போகும் கேள்விகள் பலவற்றை இவர் மரத்தையும் காகிதத்தையும் வைத்துக்கொண்டு ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டார்.

விருப்பமே இல்லாமல் வந்த வேலை

1892 ஆகஸ்டில், அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்த சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதில் அப்பா இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பு உள்ளூரில். பிறகு மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம், 1913-ல் பி.ஏ., 1916-ல் எம்.ஏ. அங்கே கணிதம் சொல்லிக்கொடுத்த எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரைக் கடைசிவரை குருவாகவே கொண்டாடினார். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி. 1917-ல் மங்களூரு அரசுக் கல்லூரியில் வேலை, அடுத்து கோவை, அதன் பிறகு மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரி. பேச்சில் கொஞ்சம் திக்கல் இருந்தது. அதை வைத்துக்கொண்டே வகுப்பறையில் நின்று, முயன்று அதைக் கடந்தார். பாடம் நடத்துவது அவருக்குப் பிடித்த வேலை.

பிடிக்காத வேலை 1924 ஜனவரியில் வந்தது. மெட்ராஸ் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு முதன்முறையாக ஒரு முழுநேர நூலகரைத் தேடியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்கள். நூலகத் தொழிலை முறையாகப் படித்தவர் அதில் ஒருவரும் இல்லை. ரங்கநாதனும் சும்மா ஒரு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மறந்தே போயிருந்தார். நேர்காணலுக்குக் கடிதம் வந்த பிறகு, என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் நூலகம் பற்றிய கட்டுரையை எடுத்துப் படித்தார். நூலகவியலில் அவருடைய மொத்த முன்னறிவும் அந்த ஒரு கட்டுரைதான். ஆனாலும் வேலை கிடைத்துவிட்டது.

போய் உட்கார்ந்தால் பேச ஆள் இல்லை. அறுபது பையன்கள் எதிரே இருந்து பழகியவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. சில வாரங்களிலேயே, என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுப் போய்விட்டார். ஒரு சமரசம் ஆயிற்று. லண்டனுக்குப் போய் நூலகத் தொழில் படித்துவிட்டு வரட்டும், வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணக்குக்கே திரும்பிவிடலாம்.

நான் யோசித்தது என்னவென்றால், அந்தச் சில வாரச் சலிப்பு அவருக்குப் பெரிய உதவி செய்திருக்க வேண்டும். ஆளில்லாத நூலகம் எப்படி இருக்கும் என்பதை அவர் உள்ளேயிருந்து அனுபவித்தவர். இன்றைக்குப் பல அரசு வெப்சைட்டுகளைத் திறந்தால் அதே உணர்வு வருகிறது, இல்லையா?

லண்டனில் கண்டது

1924-ல் கப்பலேறினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பாடம் எடுத்தவர்களில் முக்கியமானவர் பெர்விக் சேயர்ஸ். கிராய்டன் பொது நூலகத்தின் தலைவர். இவர் வகைப்பாட்டு நிபுணர் மட்டுமல்ல, பிள்ளைகளுக்கான நூலகம் பற்றிப் புத்தகமே எழுதியவர். ரங்கநாதன் வகுப்பில் உட்கார்ந்ததோடு நிற்கவில்லை, நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். பெரிய பல்கலைக்கழக நூலகத்தைவிட, தெருமுனையில் இருந்த சாதாரணப் பொது நூலகங்கள்தான் அவரை மாற்றின. வேலைக்குப் போகிறவர், வீட்டில் இருக்கும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாரும் உள்ளே வந்தார்கள். அலமாரி திறந்திருந்தது. அவர்களே கை நீட்டிப் புத்தகத்தை எடுத்தார்கள்.

இந்தியாவில் அப்போது நிலைமை வேறு. புத்தகம் என்பது நூலகரின் பொறுப்பில் இருக்கும் அரசுச் சொத்து. தொலைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். அதனால் பூட்டு. வேண்டிய புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், உள்ளே போய் எடுத்துவந்து தருவார்கள். பெயரே தெரியாதவன் என்ன எழுதுவான்? இந்தக் கேள்விதான் ரங்கநாதனின் அடுத்த ஐம்பது ஆண்டு வேலைக்கு அடிப்படை என்று சொல்லலாம்.

லண்டனில் இன்னொன்றும் நடந்தது. செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மையை விளம்பரத்துக்காகச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை ஒருமுறை மாட்டினால் ஒரு பொம்மை, கழற்றி வேறு மாதிரி மாட்டினால் இன்னொன்று. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவருக்குப் பொறி தட்டியது. அன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருந்த டியூயி தசம முறையில், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். புதிதாகவோ கலப்பாகவோ ஒரு பொருள் வந்தால் அது எங்கே போகும்? ரெடிமேட் பொம்மைகளுக்குப் பதிலாகத் துண்டுகளைக் கொடுத்துவிட்டால், வேண்டிய பொம்மையை அவரவர் கட்டிக்கொள்ளலாமே! 1925-ல் ஊர் திரும்பும் கப்பலில், அங்கிருந்த சிறிய நூலகத்தின் புத்தகங்களை வைத்தே அதைச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கணக்கு வாத்தியார் வேலையைத் திரும்பக் கேட்கும் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

அலமாரி திறந்தது

மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் செய்த மாற்றங்கள் இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியும். வாசகர்களை அலமாரிகளுக்கு நடுவே நடமாட விட்டார். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். ஒரு பொருளைச் சேர்ந்த புத்தகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி அடுக்கினார். அதைவிட முக்கியம், வாசகர்களுக்கு உதவுவதற்கென்றே தனியாக ஆட்களை நியமித்தார். புத்தகத்தை எடுத்துத் தருகிற ஆள் இல்லை இவர். கூடவே நடந்து, என்ன தேடுகிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்து, தெளிவில்லாத கேள்வியைத் தெளிவாக்கி, உரிய அலமாரிவரை கொண்டுபோய் விடுகிற ஆள். இந்தச் சேவையைப் பற்றி 1940-ல் தனியே புத்தகமும் எழுதினார். 1936-ல் கடற்கரையோரம் பல்கலைக்கழக வளாகத்திலேயே நூலகத்துக்குச் சொந்தக் கட்டடமும் வந்துவிட்டது.

1928-ல் மெட்ராஸ் நூலகச் சங்கம் தொடங்கியது. அதன் உயிர்நாடி இவர்தான். அதே ஆண்டு முதல் மனைவி ருக்மணி ஒரு விபத்தில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். 1929 கோடையில் நூலகப் பயிற்சி வகுப்பைச் சங்கம் ஆரம்பித்தது. விடுமுறையே எடுக்காமல், நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வேலை செய்தார் என்பார்கள். திருமணத்தன்றும் சடங்கு முடிந்ததும் நூலகத்துக்கு வந்துவிட்டாராம். இதைப் பெருமையாகச் சொல்வது நம் வழக்கம். வீட்டில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

1931-ல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. விதிகள் என்றதும் பயப்பட வேண்டாம், எல்லாமே ஒரு வரிதான். அவற்றின் சாரம் இது: புத்தகத்தை வைத்திருப்பது பூட்டிக் காப்பதற்காக அல்ல, படிக்கக் கொடுப்பதற்காக. வருகிற யாரையும் அவருக்கான புத்தகம் இல்லாமல் அனுப்பக் கூடாது. அலமாரியில் இருக்கும் எந்தப் புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் இருக்கிறார், அவரைக் கண்டுபிடிப்பது நூலகத்தின் வேலை. வாசகரின் நேரத்தை வீணடிக்காதே. கடைசியாக, நூலகம் உயிருள்ள ஒன்று, அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

அதே 1931-ல் மன்னார்குடி பக்கத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். நூலக வண்டி என்றால் மோட்டார் வேன்தான் வேண்டும் என்று காத்திருக்கவில்லை. கையில் என்ன இருந்ததோ அதில் புத்தகம் போயிற்று. இன்றைக்கு அந்த மாட்டுவண்டியின் இடத்தில் இருப்பது, பத்தாயிரம் ரூபாய் போனும் நாளுக்கு ஒரு ஜி.பி. டேட்டாவும்தான்.

டீன் ஏஜ் பையனுக்கு ஏன் கஷ்டம்?

1903. கும்பகோணம். பள்ளியில் படிக்கும் ஒரு பையனின் கையில், நூலகத்திலிருந்து நண்பர் மூலமாக ஒரு கணிதப் புத்தகம் வந்து சேர்கிறது. கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது. பரீட்சைக்குத் தயாராகிறவர்களுக்காக ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாக அடுக்கிய, பார்த்தால் தூக்கம் வருகிற புத்தகம். நிரூபணங்கள் பெரும்பாலும் சுருக்கம், அல்லது இல்லவே இல்லை. அந்தப் பையன் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க ஆரம்பித்தான். பையன் பெயர் சீனிவாச ராமானுஜன். ரங்கநாதன் பிற்காலத்தில் ராமானுஜனைத் தெரிந்தவர்களிடமிருந்து நினைவுகளைச் சேகரித்து, 1967-ல் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

கவனியுங்கள். எந்தப் பரிந்துரைப் பட்டியலிலும் கார் எழுதிய புத்தகம் வந்திருக்காது. அதிகம் பேர் எடுத்த புத்தகம் அல்ல. வயதுக்கேற்ற புத்தகமும் அல்ல. ஒரு ஆள் நடுவில் இருந்து கொண்டுவந்து கொடுத்ததால் நடந்தது அது.

பதின்வயதினர் நூலகத்தைவிட்டு நழுவிப் போவதற்குக் காரணமாக எல்லாரும் செல்போனைச் சொல்கிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் படக்கதை இருக்கிறது, அழைத்துப்போக அம்மா அப்பா இருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற 22 வயதுக்காரருக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியும். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் என்ன கேட்பதென்று தெரியாது. குழந்தைகள் பகுதியில் உட்காரக் கூச்சம். பெரியவர்கள் பகுதியில் எதைத் தொடுவதென்று புரியாது. போய்க் கேட்கவும் தயக்கம். பெயர் தெரியாமல் சீட்டு எழுத முடியாத அதே வாசகர்தான் இவர்.

இப்போது நம் நூலக வெப்சைட்டுக்கு வாங்க. முகப்பில் ஒரு தேடல் பெட்டி இருக்கும். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம். யோசித்துப் பார்த்தால் அது பழைய சீட்டு முறைதான், கண்ணாடித் திரையில் வந்திருக்கிறது. தெரிந்தவருக்கு வேலை செய்யும். தெரியாதவருக்குப் பூட்டு.

பொன்னியின் செல்வனுக்குப் பிறகு என்ன?

1933-ல் ரங்கநாதன் தன் வகைப்பாட்டு முறையைப் புத்தகமாக வெளியிட்டார். கோலன் முறை என்று பெயர்; துண்டுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால். பிறகு அதை மேலும் செதுக்கி, எந்தப் பொருளையும் ஐந்து முகங்களாகப் பார்க்கலாம் என்று வகுத்தார். மையமாக இருக்கும் விஷயம், அது எதனால் ஆனது, அதில் என்ன நடக்கிறது, எங்கே, எப்போது. கபடி பற்றி ஒரு புத்தகம் என்று வையுங்கள். மையம் கபடி, நடப்பது பயிற்சி, இடம் தமிழ்நாடு, காலம் 2010-க்குப் பிறகு. எந்த முகத்தைப் பிடித்து வந்தாலும் அந்தப் புத்தகத்தில் வந்து நிற்கலாம். கட்டுரையின் தொடக்கத்தில் ஷூ வாங்கினோமே, அதுவேதான்.

நடைமுறையில் கோலன் எண்கள் நீளமாகவும் புரியாமலும் இருந்தன. உலகின் பெரும்பாலான பொது நூலகங்கள் இன்றும் டியூயி முறையில்தான் ஓடுகின்றன. முறை பரவவில்லை, யோசனை பரவியது. ஒரு காகிதப் புத்தகம் ஒரு அலமாரியில் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். அதனால் ஐந்து முகத்தையும் ஒரே எண்ணுக்குள் திணிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. வெப்சைட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஒரே புத்தகம் ஒரே நேரத்தில் ஐந்து அலமாரியில் இருக்கலாம்.

இதை டீன் ஏஜ் பரிந்துரையில் வைத்துப் பாருங்கள். மணிரத்னத்தின் படத்தைப் பார்த்துவிட்டுப் பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் முடித்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவி. அடுத்து என்ன? சாதாரண சிஸ்டம் கல்கியின் மற்ற நாவல்களை நீட்டும். அல்லது வேறு சரித்திர நாவல்கள். தப்பில்லை. ஆனால் அவளுக்கு அதில் எது பிடித்தது என்று அது கேட்கவே இல்லையே! சோழர்கள் பிடித்திருந்தால், நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றில் ஒரு அத்தியாயத்தைத் திறந்துவிடலாம். சதியும் உளவும் பிடித்திருந்தால், துப்பறியும் கதைகள் பக்கம். பூங்குழலியின் படகுதான் மனதில் நிற்கிறது என்றால் கடல், மீனவர் வாழ்க்கை, கடற்பயணம். காவிரிக்கரை ஊர்கள் என்றால் அது வேறொரு அலமாரி. ஒரே நாவல், குறைந்தது நான்கு வாசல். எந்த வாசல் என்பதை வாசகர்தான் சொல்ல வேண்டும். ஆகவே பரிந்துரைப் பக்கத்தின் முதல் வேலை புத்தகத்தை நீட்டுவது அல்ல, கேட்பது. ரங்கநாதனின் உதவியாளர்கள் அலமாரிகளுக்கு நடுவே செய்ததும் அதைத்தான்.

அதிகம் எடுக்கப்பட்டவை என்ற பட்டியல் இருக்கிறதே, எல்லா வெப்சைட்டிலும் முதலில் போடுவது அதைத்தான். போடுவது சுலபம். மூன்றாவது விதியை வைத்துப் பார்த்தால் அதைவிடக் கெடுதலான ஒன்று இல்லை. அதிகம் எடுத்தது மேலே வரும்; மேலே வந்ததால் இன்னும் அதிகம் எடுப்பார்கள்; யாரும் தொடாத புத்தகத்தை யாரும் தொடவே மாட்டார்கள். அதன் வாசகர் அடுத்த தெருவில் இருந்தாலும். அந்தப் பட்டியல் இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்திலேயே, இதுவரை ஒருவரும் எடுக்காத நல்ல புத்தகங்கள் என்று ஒரு வரிசை வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதைப் படித்த நூலகர் பெயரோடு மூன்று வரி எழுதினால், அந்த மூன்று வரி அல்காரிதத்தைவிட நன்றாக வேலை செய்யும் என்பது என் அபிப்பிராயம். நூலகர் எழுதாவிட்டால், படித்த மாணவர்களே எழுதலாம்.

இரண்டாவது விதிக்கு வந்தால், டீன் ஏஜ் வாசகர் என்று ஒரே ஆள் கிடையாது. தமிழ் வழியில் படிக்கும் கிராமத்துப் பையன், ஆங்கில நாவல் மட்டுமே படிக்கும் சென்னைப் பெண், ஒன்பதாம் வகுப்பில் இருந்தாலும் ஆறாம் வகுப்பு அளவுக்குத்தான் வாசிக்க முடிகிற பிள்ளை, பார்வைக் குறைபாடு உள்ளவர். இவர்களில் மூன்றாமவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எளிமையான நடையில், அதே நேரம் குழந்தைத்தனம் இல்லாத கதைகள் என்று ஒரு ஃபில்டர் வைக்கலாம். அவரை அது எந்தக் கூச்சமும் இல்லாமல் உள்ளே விடும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு, போன் சத்தமாகப் படித்துக்காட்டும்படி பக்கம் கட்டப்பட்டிருக்க வேண்டும். பட்டியலை போட்டோ எடுத்து ஒட்டினால் போன் ஊமையாகிவிடும்.

நேரத்தை மிச்சப்படுத்து என்ற நான்காவது விதி, தமிழில் தனியாகவே ஒரு தலைவலி. சுஜாதா என்பதைப் பிள்ளைகள் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். அதிலும் கடைசியில் எச் போடுபவர் உண்டு, போடாதவர் உண்டு. ஜெயகாந்தன் என்று தேடினால் த.ஜெயகாந்தனும் வர வேண்டும், ஜெயகாந்தன் த. என்று பதிவானதும் வர வேண்டும். ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டால் முடிவுகள் எதுவும் இல்லை என்று முகத்தில் அடிப்பது, வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குச் சமம். 1934-லேயே ஆசிரியர் பெயரை எப்படிப் பதிவது, ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு எப்படி வழிகாட்டுவது என்று தனி விதித்தொகுப்பே எழுதினார் ரங்கநாதன். அதிலேயே மூழ்கிக் கிடந்தவருக்கு இந்தச் சிக்கல் புதிதாக இருந்திருக்காது. இன்னொன்று: பரிந்துரைத்த புத்தகம் என் ஊர்க் கிளையில் இருக்கிறதா, வேறு கிளையில் இருந்தால் வரவழைக்க முடியுமா? இதைச் சொல்லாத பரிந்துரை வெறும் விளம்பரம்.

கேட்கிறோம் என்பதற்காகப் பிள்ளையின் வயது, பள்ளி, போன் நம்பர் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. புத்தகம் தேடுவதற்கு லாகின் எதற்கு? கடன் வாங்கும்போது உறுப்பினர் எண் போதும். வீட்டில் கேட்க முடியாத விஷயத்தைத் தேடித்தான் பதினைந்து வயதில் பலர் நூலகத்துக்கு வருகிறார்கள். யார் என்ன படித்தார் என்பது வெளியே போகாது என்ற நம்பிக்கை உடைந்தால், அடுத்த முறை வர மாட்டார்கள்.

நாம் ஏற்கெனவே கட்டிய காசு

நூலகத்துக்கு நிலையான வருமானம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் 1930-லேயே மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதி, காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டில் வைத்தார். மெட்ராஸ் சட்டமன்றத்துக்குப் போன முதல் முயற்சி நிறைவேறவில்லை. 1948-ல் மெட்ராஸ் பொது நூலகங்கள் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதல் சட்டம். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை சேர்த்து வாங்குவது அதில் பிறந்த ஏற்பாடு. இன்று தமிழ்நாட்டில் அது சொத்து வரியில் 10 சதவீதம். சொந்த வீடு உள்ள யாரும், நூலகப் படியை மிதிக்காதவர்கூட, இதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆக, நூலக வெப்சைட் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. ஏற்கெனவே பணம் கட்டிய சர்வீஸ் அது.

சட்டம் வந்தபோது ரங்கநாதன் மெட்ராஸில் இல்லை. நிர்வாகத்தோடு ஏற்பட்ட கசப்பில், இருபது ஆண்டுக்கும் மேலாக வளர்த்த நூலகத்தை விட்டு 1945-ல் விலகிவிட்டார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு. அங்கே சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைப் பெரும்பாலும் தன் கையாலேயே வகைப்படுத்தி அட்டவணைப்படுத்தினார். 1947 முதல் டெல்லி பல்கலைக்கழகம். பிறகு சில ஆண்டு ஜூரிக்கில் இருந்து எழுத்து வேலை. 1957-ல் பத்மஸ்ரீ. அந்தக் காலகட்டத்தில்தான் ஒரு லட்சம் ரூபாயை, தன் மனைவி சாரதாவின் பெயரில் நூலகவியல் பேராசிரியர் பதவி அமைக்க, கசப்போடு விட்டு வந்த அதே மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 1950களில் ஒரு லட்சம் என்பது வாழ்நாள் சேமிப்பு.

1962-ல் பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கிவைத்தார். 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 1972 செப்டம்பர் 27 அன்று அதே ஊரில் காலமானார். ஆகஸ்ட் 12-ஐ இந்தியாவில் தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

பழைய பதிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதற்கு அவர் எப்போதும் தயங்கியதில்லை. 1933-ல் வந்த கோலன் முறையைப் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே இருந்தார். எண்களை மாற்றி மாற்றி எழுத வேண்டிய நூலகர்கள் நொந்துபோனார்கள். கடைசியாக 2019-ல் புதுப்பிக்கப்பட்டது என்று அடியில் போட்டிருக்கும் ஒரு பக்கத்தை அவரிடம் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். ஏழாம் பதிப்புக்கான வேலை அவர் இறக்கும்போது முடியவில்லை. அது 1987-ல் வெளிவந்தது.